மீட்டர் குணாளன் பாடிய சீனப் பாட்டு

சுங்கை தீமாவில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிற குணாளனுடைய வாயிலிருந்து முதல் சீனப் பாட்டு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பசார் ரோட்டில் பதினேழாம் நம்பர் வீட்டு மீட்டருக்கு முன்னால் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடியில் படிந்திருந்த பாசியைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தபோது. அவர் பாட நினைத்தது ஒரு பழைய தமிழ் டூயட். மூச்சை இழுத்ததும் தமிழுக்காகத்தான், வாயைத் திறந்ததும் தமிழுக்காகத்தான், ஆனால் திறந்த வாய் வழியே வந்தது சீனம். அதுவும் சந்தையில் மீன் விலை கேட்கிற சீனம் அல்ல, ரேடியோவில் வருகிற, இழுத்து இழுத்துக் குழைகிற, யாரோ யாரையோ விட்டுப் போய்விட்ட பிறகு பாடுகிற சீனம். இரண்டு அடி பாடி, மீட்டரில் இருந்த எண்ணைக் கருவியில் தட்டி, பில்லைக் கிழித்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் பதினெட்டாம் நம்பருக்குப் போனார். பதினெட்டாம் நம்பரில் மீதிப் பாட்டு வந்தது.

அவர் பயந்திருக்கலாம். குறைந்தபட்சம் திகைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு முதலில் தோன்றியது, குரல் இன்றைக்குப் பரவாயில்லையே என்பதுதான். பிற்பாடு இதை யாருக்காவது சொல்ல நேர்ந்தபோதெல்லாம் குணாளன் இந்த இடத்தில் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வார். தொண்டைக்குள் அயல்நாடே வந்து குடியேறியிருக்கிறது, வீட்டுக்காரன் சுவரின் வண்ணத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான்.

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. இருபத்து மூன்று வருஷமாக ஊர் இன்னிசைக் குழுவில் இரண்டாவது ஆண் குரல். முதல் பாடகருக்கு ஜலதோஷம் பிடித்தால் மட்டும் இரண்டாவது குரலுக்கு மேடை. அந்த முதல் பாடகரோ இஞ்சியும் மிளகும் தின்றே வளர்ந்த ஆள், இருபத்து மூன்று வருஷத்தில் நாலே தடவைதான் அவருக்கு ஜலதோஷம் பிடித்தது. மற்ற நாள்களில் குணாளன் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வயர்களைச் சுருட்டினார், பாடகிகளின் கைப்பைகளுக்குக் காவல் இருந்தார். அந்த நாலு தடவையும் அவர் பாடியதைக் கேட்டவர்கள் மறுநாள் அவரைப் பார்த்தால் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்கள். தன் குரலில் என்ன குறை என்று அவரைவிடத் துல்லியமாகச் சொல்லக்கூடியவர் ஊரில் யாரும் இல்லை. இருந்தாலும் குளிக்கும்போது ஒவ்வொரு நாளும் அந்தக் குறை இன்றைக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று நம்புவார், நம்பிவிட்டுத் தலையைத் துவட்டுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பதாம் நம்பருக்கு வருவதற்குள் பசார் ரோட்டுச் சீனப் பெண்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி கையில் சட்டுவம் இருந்தது, ஒருத்தி தலையில் சாயம் பூசிப் பாதியில் வந்திருந்தாள். ரோட்டுக் கோடியில் கோப்பிக்கடை வைத்திருந்த ஆ சாய், நாற்பது வருஷமாக ரேடியோவை அணைக்காதவர், அன்றைக்கு அணைத்தார்.

"அண்ணே, இது யார் பாட்டு? நான் கேட்காத பாட்டு இந்த நாட்டில் கிடையாது. இதை நான் கேட்டதில்லை," என்றார்.

குணாளனும் தனக்குத் தெரியாது என்றார், மலாயில். பேசும்போது தமிழும் மலாயும் முன்போலவே வந்தன. ராகம் போட்டால் மட்டும் சீனம். ஆ சாய் ஒரு கோப்பி கலந்து வைத்தார், குணாளன் குடித்தார், குடித்ததும் இன்னொரு பாட்டு வந்தது. அதையும் ஆ சாய் கேட்டதில்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், தண்ணீர்க் குழாயில் திடீரென்று வெந்நீர் வந்தால் எப்படி எடுத்துக்கொள்ளுமோ அப்படி. முதல் நாள் கையைச் சுட்டுக்கொண்டது, இரண்டாம் நாள் தேநீர் போட்டது. ஒரு வாரத்துக்குள் சீன வீடுகளிலிருந்து தண்ணீர் அலுவலகத்துக்கு போன் மேல் போன், மீட்டர் சரியாக ஓடுகிறதா என்று சந்தேகமாக இருக்கிறது, ஆளை அனுப்புங்கள், வேறு ஆள் வேண்டாம், அந்தக் கறுத்த உயரமான ஆளையே அனுப்புங்கள் என்று; மாதம் ஒரு தடவை படித்த மீட்டரை வாரம் ஒரு தடவை படிக்க வேண்டியதாயிற்று; பெண்கள் மீட்டருக்கு மேல் வளர்ந்திருந்த செடிகளை வெட்டி, தரையைக் கழுவி, குணாளன் உட்கார ஒரு பிளாஸ்டிக் முக்காலியும் போட்டு வைத்தார்கள். சீனக் கோயிலில் அருள் வந்து ஆடுகிறவர், இந்த ஆள் போன பிறவியில் ஹாங்காங்கில் ஒரு ஹோட்டல் பாடகர் என்றார். தமிழ் ஜோசியர் அப்படி ஒன்றும் இல்லை, இரண்டாம் இடத்தில் சனி என்றார். இரண்டு பேரும் சொன்ன பரிகாரம் ஒன்றாகவே இருந்தது, வெற்றிலை போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். குணாளன் வெற்றிலை போடுவதில்லை.

தமிழர்களுக்குத்தான் கொஞ்சம் சங்கடம். தமிழ்ப் பள்ளி விழாவில் வாழ்த்துப் பாடல் பாட வருஷாவருஷம் வருகிற முதல் பாடகர் அன்றைக்கு வேறு ஊரில் இருந்ததால் தலைமையாசிரியர் வேறு வழியில்லாமல் குணாளனைக் கூப்பிட்டார். குணாளன் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்று, கண்ணை மூடி, தமிழன்னையை மனதில் நிறுத்தி வாயைத் திறந்தார். வந்தது, மழைக்கு இரவல் வாங்கிய குடையை வெயில் நாளில் திருப்பிக் கொடுக்கப் போகிற ஒருத்தியைப் பற்றிய சீனப் பாட்டு. சபை ஒரு நொடி யோசித்தது. நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தில் இருந்தது வாழ்த்துப் பாடல். ஆகவே இது வாழ்த்துப் பாடல்தான் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். பாட்டு முடிகிற வரை ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் தலைமையாசிரியர் தாய்மொழியின் பெருமையைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார், அதில் குணாளன் இருந்த பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

தண்டாயுதபாணி ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை பஜனையில் இனி அவரைச் சேர்க்கலாமா என்று நிர்வாகக் குழு கூடியது. தலைவர் மாசிலாமணி ஓய்வுபெற்ற நில அளவையாளர், எதற்கும் எல்லை போட்டுவிட வேண்டும் என்பவர். முருகனுக்கு எல்லா மொழியும் தெரியும், ஆனால் நிர்வாகக் குழுவுக்குத் தெரியாது, பாடுகிறவன் வாயிலிருந்து காதல் வருகிறதா பக்தி வருகிறதா என்று யார் பார்ப்பது என்று கேட்டார். மூன்று மணி நேரம் பேசி, குணாளன் வெளிப்பிராகாரத்தில் கொடிமரத்தைத் தாண்டாமல் பாடலாம் என்று தீர்மானம் போட்டார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வெளிப்பிராகாரத்தில் நாற்பது சீனர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் எண்பது. அர்ச்சனைத் தட்டுகள் போதவில்லை. மூன்றாவது வாரம் மாசிலாமணியே வந்து, கொடிமரத்தைத் தாண்டி உள்ளே வரலாம், குழு மறுபடி அளந்து பார்த்ததில் எல்லை கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது என்று சொன்னார்.

வீட்டில் நடந்தது வேறு.

குணாளனின் மனைவி தவமணி பதினெட்டு வருஷமாக ஒரு சீனச் சலூனில் தலை கழுவிவிடுகிற வேலை பார்த்தவள். காலையிலிருந்து மாலை வரை அங்கே சீனப் பாட்டுதான் ஓடும், வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதோடு சேர்ந்து முணுமுணுப்பார்கள், கழுத்தில் நுரை வழிய அழுகிறவர்களும் உண்டு. அப்படியே அவளுக்குக் காண்டனீஸ் வந்தது, பிறகு பாட்டிலிருந்து மாண்டரினும் வந்தது. இந்த ஊரில் எந்தத் தமிழருக்காவது அந்தப் பாட்டுகளின் ஒவ்வொரு சொல்லும் புரியும் என்றால் அது தவமணிக்குத்தான்.

முதல் நாள் மாலை அவர் அடுப்படியில் நின்று அவளுக்குப் பாடிக் காட்டியபோது அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாவது அடியில் கத்தி நின்றது. மூன்றாவது அடியில் எழுந்து அடுப்பை அணைத்தாள். பாட்டு முடிந்ததும், "இன்னொரு தடவ பாடுங்க," என்றாள். இருபத்தேழு வருஷக் கல்யாணத்தில் அவள் அவரை மறுபடி பாடச் சொன்னது அதுதான் முதல் தடவை. குணாளன் மறுபடி பாடினார். அவள் கண் நிறைந்திருந்தது.

"கொரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் குணாளன்.

அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்ற வைத்தாள். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, மாதக்கணக்கில் தோன்றவில்லை.

நாலாவது மாதம் லாவ் மெய் ஃபொங் வந்தாள். ஆ சாயின் கடையில், குட்டையாக வெட்டிய நரைமுடியும் கான்வாஸ் சப்பாத்துமாக, ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு காலையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. இந்த ஊரில் பிறந்து, பத்தொன்பது வயதில் தைப்பே போனவள். அங்கே பாட்டு எழுதி, மெட்டும் போட்டு, பெரிய பாடகர்களுக்குக் கொடுத்தவள். ஆ சாய் குணாளனை ஓரமாகக் கூட்டிப் போய்ச் சொன்னார்: ரேடியோவில் வருவதில் பத்துக்கு இரண்டு இவள் பாட்டு, பாடினவர்கள் படம் என் கடைச் சுவரில்கூட இருக்கிறது, இவள் பெயர் கேசட் உறையில் எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில் இருக்கும், இப்போது போனில் கேட்கிறார்கள், அந்த எறும்பும் இல்லை.

ஆறு வருஷமாக அவளுக்கு ஒரு பாட்டும் வரவில்லை. போன மாதம் யாரோ அனுப்பிய ஒரு வீடியோவில் ஒரு தமிழர் மீட்டர் கருவியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாடுகிறார். அந்த மெட்டு, தைப்பேயில் தன் சமையலறையில் ஒரு காலையில் தனக்கு வந்து, போன் மணி அடித்ததால் மறந்துபோனது. வழக்குப் போட வரவில்லை என்று முதலிலேயே சொன்னாள். அவர் கூடவே நடந்து எழுதிக்கொள்ள அனுமதி கேட்டாள். அவளுடைய மலாய் பள்ளிக்கூடத்தோடு நின்றுபோன மலாய், ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்தாள்.

"பாடும்போது உங்களுக்கு என்ன தோன்றும், மிஸ்டர் குணா?"

குணாளன் நேர்மையாக யோசித்து, "தாகம்," என்றார்.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அன்றிலிருந்து மீட்டர் படிக்க இரண்டு பேர் போனார்கள். முன்னால் குணாளன், பின்னால் குடை பிடித்துக்கொண்டு மெய் ஃபொங். வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்து எழுதியதைச் சரிபார்ப்பாள், தவமணி தேநீர் கொண்டு வருவாள். முதல் நாளே தவமணி நோட்டை எட்டிப் பார்த்து, ஒரு சொல்லைக் காட்டி, இவர் இப்படிப் பாடவில்லை, அப்படிப் பாடினார் என்று மாண்டரினில் சொன்னாள். மெய் ஃபொங் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் நடந்த பேச்செல்லாம் சீனத்தில்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஒரு நாள் இரண்டு பேரும் மூக்கைச் சிந்தினார்கள். குணாளன் தன் வீட்டுச் சோபாவில் விருந்தாளியைப் போல முழங்காலில் கை வைத்து உட்கார்ந்து, எந்த இடத்தில் சிரிப்பது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டால் தவமணி, சும்மா, என்றாள். தன் தொண்டையிலிருந்து வருகிற பாட்டின்மேல் ஒரு மனிதனுக்குப் பொறாமை வரலாம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் கோலாலம்பூரிலிருந்து ஒரு டிவி நிலையத்தார் பேசினார்கள். ஊர்ச் சீனச் சங்க மண்டபத்தில் மேடை போட்டு, பாட வைத்து, படம் பிடித்து, பெருநாள் நிகழ்ச்சியில் காட்டுவார்களாம். ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பாட்டெல்லாம் யாரோ எழுதியது என்று இருந்தால் கதை பலவீனமாகிவிடும், மீட்டர் படிக்கிறவருக்கே தானாக உதித்தது என்று இருந்தால் ஜனங்கள் அழுவார்கள், அப்படிச் சொல்லலாமா என்று கேட்டார்கள். குணாளன் ஒரு பெரிய மனிதனாக இருந்திருந்தால் இந்த இடத்தில் யோசித்திருப்பார். அவர் சரி என்றார். கேள்வி முடிவதற்குள்ளேயே சரி என்றார். கேட்டவருக்கே தான் கேட்டு முடித்தோமா என்று சந்தேகம் வந்து, மறுபடி முதலிலிருந்து கேட்டார். அப்போதும் சரி என்றார்.

இரண்டு நாள் மென்று விழுங்கிவிட்டு மெய் ஃபொங்கிடம் சொன்னார். அவள் கோபப்படவில்லை. நோட்டில் ஏதோ ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டுக்கொண்டே, "பரவாயில்லை. எல்லோரும் அப்படித்தான்," என்றாள். அறைந்திருந்தால் குணாளன் அன்றைக்குக் கொஞ்சம் சாப்பிட்டிருப்பார்.

மேடைக்கென்று தேர்ந்தெடுத்த பாட்டில் ஒரு சிக்கல் இருந்தது. அதற்கு முடிவு இல்லை. இருந்ததிலேயே அழகான மெட்டு அது, பாடினால் ஆ சாயின் கடையில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டுகள் ஆறிப்போகும், ஆனால் மூன்றாவது அடி முடிகிற இடத்தில் ஒவ்வொரு தடவையும் குணாளனின் தொண்டை மூடிக்கொள்ளும். டிவியில் முகபாவம் காட்ட வேண்டும் அல்லவா, அதற்காக, இத்தனை மாதத்தில் முதல் முறையாக, அவர் அர்த்தம் கேட்டார். மெய் ஃபொங் மலாயில் சொன்னாள்: ஒருத்தி பையோடு பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள். முதல் பஸ் போகிறது. இரண்டாவது பஸ் போகிறது. மூன்றாவது பஸ்ஸும் போகிறது. அவ்வளவுதான், அப்புறம் பாட்டு நின்றுவிடுகிறது.

"மெட்டு என்னுடையது. ஆனால் இந்தப் பஸ் என்னுடையது இல்லை," என்றாள் அவள். "நான் விமானத்தில் போனேன். முதல் விமானத்திலேயே."

முடிவை அவளே எழுதிப் பார்த்தாள். பாட்டில் வருகிறவள் நாலாவது பஸ்ஸில் ஏறிப் போய்விடுகிறாள் என்று எழுதினாள், குணாளனின் தொண்டை அதை வாங்கவில்லை. மழை வருகிறது என்று எழுதினாள். பழைய காதலன் வருகிறான் என்று எழுதினாள், அதற்கு அவருக்கு இருமல் வந்தது. படப்பிடிப்புக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு நோட்டில் ஒன்பது முடிவுகள் அடிக்கப்பட்டிருந்தன. தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போன தவமணி, தொட்டியில் தண்ணீரைத் திறந்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே, மாண்டரினில் ஏதோ சொன்னாள். நீளமான வாக்கியம்கூட இல்லை.

மெய் ஃபொங் எழுதவில்லை. எழுந்து அடுப்படி வாசல் வரை போய் நின்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள் போலிருக்கிறது, தவமணி இன்னொரு தடவை சொன்னாள். அப்போது கூடத்தில் உட்கார்ந்திருந்த குணாளனின் தொண்டை தானாகத் திறந்து, நாலாவது அடியைப் பாடியது, சுருதி சுத்தமாக, முடிவு வரைக்கும். பாடி முடித்து அவர் இரண்டு பெண்களையும் பார்த்தார். இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதையும் இல்லை, கோபமும் இல்லை. பள்ளிக்கூடத்து நாடகத்தில் மரமாக நிற்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் பார்க்கிற மாதிரிப் பார்த்தார்கள்.

மறுநாள் பிற்பகல் மண்டபம் நிரம்பியிருந்தது. மாசிலாமணி நிர்வாகக் குழுவோடு முதல் வரிசையில் இருந்தார். குணாளன் மேடை ஏறினார், விளக்கு கண்ணில் விழுந்தது, இருபத்து மூன்று வருஷமாகக் கைப்பைகளுக்கு நடுவில் உட்கார்ந்து கற்பனை செய்த விளக்கு. சொல்லிக் கொடுத்தபடி சொல்லவேண்டியதுதான். அவர் ஒலிவாங்கியைப் பிடித்து, மலாயில், "இந்தப் பாட்டு லாவ் மெய் ஃபொங் எழுதினது. கடைசி அடி என் மனைவி தவமணி எழுதினது. நான் மீட்டர் படிக்கிறவன்," என்றார். நல்லவன் ஆகிவிட்டதால் சொல்லவில்லை. முந்தின நாள் மாலை அந்த இரண்டு பேரும் பார்த்த பார்வையோடு இன்னொரு முறை வீட்டுக்குள் போக அவருக்குத் தைரியம் இல்லை. டிவிக்காரர் கையால் கழுத்தை அறுப்பது போலக் காட்டினார். குணாளன் பாடினார்.

மூன்றாவது பஸ் போனபோது மண்டபத்தில் விசிறிகள் நின்றன. நாலாவது அடியில் பெண்கள் அழுதார்கள், தவமணி வேலை பார்த்த சலூனின் முதலாளியம்மாவும் கோப்பிக்கடைக்காரரும் அழுதார்கள், அர்த்தம் புரியாத மாசிலாமணியும் பக்கத்தில் இருந்தவர் அழுததால் கண்ணாடியைக் கழற்றினார். பாட்டு முடிந்து, பின்னால் மேசையில் இருந்த தண்ணீரை எடுக்கக் குணாளன் திரும்பியதும், மண்டபம் முழுக்க ஒரு பெருமூச்சு. திரும்பிப் பார்த்தார். முந்நூறு பேரும் அவர் முகத்தை விட்டுவிட்டு அவர் முதுகு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிவியில் பதினோரு விநாடி காட்டினார்கள். பெயரைக் குணசீலன் என்று போட்டிருந்தார்கள்.

மேடையில் பாடிய அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் தவமணி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக் கட்டிலில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். குணாளன் எதிரில் உட்கார்ந்தார். எல்லோரும் ஏன் முதுகைப் பார்த்தார்கள் என்று கேட்க நினைத்து வாயைத் திறந்தவர், வேறொன்றைக் கேட்டார்.

"கடைசி வரி என்னா தவம்?"

அவள் ஒரு துண்டை மடித்து முடித்தாள்.

"எங்கப்பா பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு, பந்தி முடியறதுக்குள்ள, தைப்பிங்ல கல்யாணம், பாடப் போறேன்னு கெளம்பிட்டீங்க."

அவருக்கு ஞாபகம் இருந்தது. முதல் பாடகருக்கு மூக்கடைப்பு என்று தகவல் வந்திருந்தது. ஓடிப்போய் நின்றபோது மூக்கு திறந்துவிட்டிருந்தது. மேடைக்குப் பின்னால்கூட இருக்கவேண்டாம், இடம் நெருக்கடி, போகலாம் என்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கச்சேரி ரொம்ப நன்றாக இருந்தது என்று சொன்னதும் ஞாபகம் இருந்தது.

"நான் பையைத் தூக்கிக்கிட்டுப் பஸ் ஸ்டேஷன் போயிட்டேன். கிள்ளான்ல அக்கா வீட்டுக்குப் போயிடலாம், இனிமே வரக்கூடாதுன்னு. மூணு பஸ் போச்சு. ஏறணும்னுதான் இருந்தேன், ஏறல. நாலாவதா வந்தது தைப்பிங் பஸ்ஸு. நீங்க எறங்கினீங்க."

"நானா?"

"என்னத் தாண்டித்தான் போனீங்க. பாக்கல. மேடைக்குப் போடுற அந்த ஊதாக் கோட்டு, முதுகுல தையல் விட்டுருந்துச்சு, கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும். உள்ள பனியன் தெரியுது. அந்தப் பனியன்லயும் ஓட்ட. நீங்க நெஞ்ச நிமித்திக்கிட்டுப் பசார் ரோட்டுல நடுவுல போறீங்க."

குணாளனுக்கு அந்த நடையும் ஞாபகம் வந்தது. கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து எழுந்து பார்த்ததும், பாடகன் என்று தெரிந்து பார்க்கிறார்கள் என்று தான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்ததும்.

"அந்த வரி?"

தவமணி தமிழில் சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது தமிழில் புதிதாக இருந்தது. "'அவன் முதுகை ஊர் பார்த்துவிடக் கூடாதென்று, பையோடு அவன் பின்னால் நடந்தேன்.' அவ்வளவுதான்."

வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது நாலைந்து உதைக்குப் பிறகுதான் கிளம்பியது.

"அந்தக் கோவம் போயிடுச்சா?" என்றார் குணாளன்.

"எங்க போவும். வீட்டுக்கு வந்து தச்சேன்," என்றாள் தவமணி, மடித்த துணிகளை அலமாரியில் வைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு சீனப் பாட்டு வரவில்லை. ஒரு புதன்கிழமை தமிழ் டூயட் பழையபடி வந்தது, பசார் ரோட்டுப் பெண்கள் முக்காலிகளை உள்ளே எடுத்து வைத்தார்கள், ஆலயக் குழு எல்லையை மறுபடி அளந்தது. மெய் ஃபொங் நோட்டோடு தைப்பே போய், எட்டு மாதம் கழித்து ஒரு இளம் பாடகனைப் பாட வைத்து அந்தப் பாட்டை வெளியிட்டாள். எழுதியவர்கள் பெயரைப் பாடகன் பெயர் அளவுக்கே போடாவிட்டால் தரமாட்டேன் என்று நின்றாளாம். தவமணியின் பெயர் நாலு சீன எழுத்தில் வந்தது. அதில் ஒன்றுக்குக் குதிரை என்று அர்த்தம், வேறு எழுத்து கிடைக்கவில்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தாள். அடுத்த பாட்டுக்குப் பாதி மெட்டும் அனுப்பியிருந்தாள். தவமணி அதை நாலு நாள் காதில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஈப்போவில் ஒரு பேரங்காடியில் இருவரும் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது மேலே ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு வந்தது. பணம் கட்டும் வரிசையில் முன்னால் நின்ற ஒரு இளம்பெண், நாலாவது அடி வந்ததும் போனை இறக்கிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். குணாளனுக்கு அவள் தோளைத் தட்டிச் சொல்லவேண்டும் போலிருந்தது. என்ன சொல்வது? பாடினவர் என்று சொல்ல முடியாது, எழுதினவர் என்றும் சொல்ல முடியாது. அம்மா, அந்த முதுகு என்னுடையது. முப்பது வருஷம் ஆசைப்பட்டுப் பாட்டு உலகத்தில் அவர் பிடித்த இடம் அதுதான். அவர் சொல்லவில்லை, ஆனால் அவள் திரும்பினால் பார்ப்பதற்கு வசதியாகச் சற்றுப் பக்கவாட்டில் நின்றுகொண்டார்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். வழக்கம்போல அவர் முன்னால், அவள் நாலடி பின்னால். பத்தடி போனதும் குணாளன் நின்றார். தவமணி வந்து முட்டாத குறையாக நின்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. சேந்து போலாம்."

"இந்த நடைபாதையில ரெண்டு பேருக்கு எடம் எங்க இருக்கு," என்றாள் தவமணி. உண்மைதான், இடம் இல்லை. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை. குணாளன் அரிசி மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு, சாக்கடையைத் தாண்டி ரோட்டில் இறங்கி, கார்கள் ஹாரன் அடிக்க அடிக்க, அவளுக்குப் பக்கத்தில் நடந்தார்.